“ஓர் ஊசி போட்டுவிடுங்கள், டாக்டர்!”

பல ஆண்டுகளுக்கு முன், நாம் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்தது இது. ஐப்பசி மாதத்து மழை இரவு. மணி பதினொன்று இருக்கும். பங்கு இல்லத்தின் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்து பார்த்தோம். நனைந்த ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தந்தையும் தாய்மாமனும் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கழுத்து ஒரு பக்கமாக வில்போல் வளைந்திருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. தாடை இறுகி, நாக்கு ஒரு பக்கமாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“சாமி, புள்ளையை ஏதோ பிடிச்சிருக்கு. சாயந்தரம் புளியமரத்தடியில் நின்னிருக்கா. தலையில் கை வச்சு ஜெபம் பண்ணுங்க சாமி” என்று தாய் கதறினாள்.

பார்த்த மாத்திரத்தில் நமக்கும் உடல் நடுங்கியது என்பதை மறைப்பானேன்? ஆனால் ஒன்று நம் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்கு நினைவு தெளிவாக இருந்தது. பெயர் சொல்லி அழைத்தபோது கையை அசைத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பங்கு மருந்தகத்தை நடத்திவந்த கன்னியர் மடத்துச் சகோதரியை எழுப்பி அழைத்து வரச் செய்தோம். பல்லாண்டு நர்ஸாகப் பணிபுரிந்தவர் அவர். வந்தவர் பேயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி:

“அம்மா, இன்றைக்கு இவளுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?”

முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையைத் தாய் அவிழ்த்துக் காட்டினாள். அன்று காலை முதல் பெண்ணுக்குக் காய்ச்சலும் வாந்தியும். மாலையில் பக்கத்து ஊருக்கு அழைத்துச் சென்று, “ஓர் ஊசி போட்டுவிடுங்கள்” என்று மன்றாடி, வாந்தியை நிறுத்தும் ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரவில் மீண்டும் குமட்டவே, கடையில் வாங்கிய மாத்திரையையும் கொடுத்திருக்கிறார்கள். ஊசியும் மாத்திரையும் பெயரில்தான் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து: மெட்டோகுளோப்ரமைடு.

அதே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். பணியிலிருந்த இளம் டாக்டர் அட்டையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், புன்னகைத்தார். “பயப்படாதீர்கள், இது மருந்தின் விளைவுதான்” என்று கூறி, தசையில் ஓர் ஊசி போட்டார். அரை மணி நேரத்துக்குள் கழுத்து நிமிர்ந்தது, கண்கள் இறங்கின. “அம்மா, தண்ணி” என்றாள் அந்தப் பெண்.

அந்த இரவு நமக்குக் கற்பித்ததை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாந்தி ஏன் வருகிறது?

வாந்தி ஒரு நோயன்று; நோயின் அறிவிப்பு. மூளையின் அடித்தண்டில் வாந்தியை இயக்கும் நரம்புக் கூட்டம் ஒன்று உள்ளது. அதற்கு அருகிலேயே இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் காவல் நிலையம் போன்ற ஓர் இடமும் உண்டு. குடல் புண்பட்டால் அங்கிருந்து செய்தி போகும். காதின் உள்ளே சமநிலை தவறினால் அங்கிருந்தும் போகும். துர்நாற்றமும் பயமும் கடும் வலியும்கூடச் செய்தி அனுப்ப வல்லவை.

இச்செய்திகளைச் சுமந்து செல்லும் தூதர்கள் பல வேதிப்பொருள்கள். டோப்பமின், செரோட்டோனின், ஹிஸ்டமின் என்பன அவற்றுள் சில. வாந்தியை அடக்கும் மருந்து ஒவ்வொன்றும் இத்தூதர்களில் ஒருவரையோ சிலரையோ வழிமறிக்கிறது. ஆகவேதான் மலைப்பாதைப் பேருந்தில் வரும் குமட்டலுக்கு உதவும் மாத்திரை, வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு உதவாமல் போகலாம். “வாந்தி மாத்திரை” என்று ஒரே பெயரில் நாம் கேட்டு வாங்குவது உண்மையில் ஒரே மருந்து அன்று.

மெட்டோகுளோப்ரமைடு வழிமறிப்பது டோப்பமினை. ஆனால் டோப்பமினுக்கு மூளையில் வேறொரு வேலையும் உண்டு. தசைகளின் அசைவை ஒழுங்குபடுத்துவது அது. அங்கும் மருந்து குறுக்கிடும்போது கழுத்தும் கண்ணும் நாக்கும் முறுக்கிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளும் பெரியவர்களில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் இது தோன்றும் என்று மருந்தின் குறிப்பேடு கூறுகிறது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாள்களுக்குள் தோன்றும். குழந்தைகளுக்கும் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம்.

2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை இம்மருந்துக்கு வரம்பு கட்டியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஐந்து நாள்களுக்கு மேல் தொடரக் கூடாது. இரத்தக் குழாயில் செலுத்தினால் குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். ஏனெனில் வேகமாகச் செலுத்தினால் நோயாளிக்கு இன்னதென்று சொல்ல முடியாத பதற்றம் பிடித்துக்கொள்ளும்; படுக்கையில் இருக்க முடியாமல் எழுந்து ஓட முற்படுவார். “ஊசி போட்டதும் பைத்தியம் பிடித்தவன்போல் ஆனான்” என்று உறவினர் கூறுவது இதைத்தான்.

இங்கே குருவானவர் என்ற முறையில் ஒரு வார்த்தை. உடல் இவ்வாறு முறுக்கிக்கொள்ளும்போது உடனே பேய் என்று முடிவு கட்டுவதைத் திருச்சபை ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை. பேயோட்டும் சடங்குக்கு ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. அதற்கு முன், அது நோயன்று என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கட்டளையிடுகிறது. அந்த இரவில் நாம் ஜெபித்தோம். ஆனால் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஜெபித்தோம்.

காத்த மருந்தும் கெடுத்த மருந்தும் ஒன்றே

அந்தப் பெண்ணின் கழுத்தை நிமிர்த்திய ஊசி எது என்று பின்னர் டாக்டரிடம் கேட்டறிந்தோம். புரோமெத்தசின் என்றார். இதுவும் வாந்தியை அடக்கும் மருந்துதான், ஒவ்வாமைக்கும் கொடுப்பதுண்டு. பல ஆண்டுகள் கழித்து அதே மருந்தின் பெயரை வேறொரு செய்தியில் படித்தபோது திடுக்கிட்டோம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டயானா லெவின் என்னும் இசைக் கலைஞர் இருந்தார். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒற்றைத் தலைவலியும் குமட்டலும் தாங்காமல் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சென்றார். முதலில் வலிக்கு ஒரு மருந்தும் குமட்டலுக்குப் புரோமெத்தசினும் தசையில் ஊசியாகப் போட்டார்கள். குணம் தெரியவில்லை. அன்றே அவர் மீண்டும் வந்தார். இம்முறை, விரைவில் குணம் கிடைக்கட்டும் என்று, புரோமெத்தசினை ஊசிக்குழாய் மூலம் நேரே இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். சிரைக்குள் போக வேண்டிய மருந்து எப்படியோ தமனியைச் சென்றடைந்தது. புரோமெத்தசின் தமனியைத் தொட்டால் அதை எரித்து அடைத்துவிடும் இயல்புடையது. கை அழுகத் தொடங்கியது. முதலில் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். பின்னர் முன்கை முழுவதையும் எடுக்க நேர்ந்தது. இசை வாசித்துப் பிழைத்தவருக்குக் கை போயிற்று. தீர்க்க வந்ததோ ஒரு குமட்டலை!

அவர் மருந்து நிறுவனமாகிய வையத் மீது வழக்குத் தொடுத்தார். ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கை மருந்தின் குறிப்பேட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊசிக்குழாயால் நேரே செலுத்துவதைத் தவிர்த்து, உப்புநீரில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுக என்ற அறிவுரை அதில் இல்லை. நடுவர் குழு அவருக்கு 74 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2009 மார்ச் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், இந்த ஊசி மருந்தின் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. 2023 டிசம்பரில் அது மேலும் இறுக்கப்பட்டது. இம்மருந்தை ஆழமாகத் தசையில் போடுவதே முறை. இரத்தக் குழாயில் ஏற்றியே ஆக வேண்டுமெனில் நீர்க்கச் செய்து மெதுவாக ஏற்றுக. கைவிரல், மணிக்கட்டுப் பகுதிச் சிரைகளைத் தவிர்க்க. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சை அடக்கிவிடும் என்பதால் இதைக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கை 2004 முதலே உண்டு.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே மருந்து. தசையில் முறையாகப் போட்டபோது நம் பங்குப் பெண்ணைக் காத்தது. அவசரமாக இரத்தக் குழாயில் செலுத்தியபோது ஒரு கலைஞரின் கையைக் கவர்ந்தது. எந்த வழி, எவ்வளவு, எவ்வளவு மெதுவாக என்ற மூன்றையும் பொறுத்தே மருந்து காக்கிறது அல்லது கெடுக்கிறது.

நம் பங்குகளில் நர்ஸ் பணி செய்யும் பெண்மக்கள் பலர் இருக்கிறார்கள். நள்ளிரவில் கூட்டம் நெருக்க, உறவினர் கூச்சலிட, அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: நோயாளி “எரிகிறது, வலிக்கிறது” என்றால் அந்தக் கணமே ஊசியை நிறுத்துங்கள். அது பிடிவாதமன்று, எச்சரிக்கை.

இன்று மிகுதியாகப் பயன்படும் மருந்து

இன்று அவசரப் பிரிவுகளில் முதலில் கைக்கு வருவது ஒண்டான்செட்ரான். 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் கடும் வாந்திக்கென்றே முதலில் வந்தது. இது செரோட்டோனினை வழிமறிப்பது. ஆதலால் கழுத்து முறுக்கும் தொல்லையோ தூக்கமோ பெரும்பாலும் இராது. நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது.

எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இதயத்தின் மின்னோட்டத் தாளத்தை இது நீட்டிவிடக்கூடும். சிலரிடம் அதனால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தடுமாறும். இரத்தக் குழாயில் ஒரே முறையில் 16 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தலாகாது என்று 2012-இல் அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. அதற்குமுன் 32 மில்லிகிராம் வரை கொடுத்து வந்தார்கள். பிறவியிலேயே இத்தாளக் குறை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மேலும் நாள் முழுவதும் வாந்தியும் பேதியும் போனவருக்கு உடலில் பொட்டாசியம் குறைந்திருக்கும். அது குறைந்தால் இந்த அபாயம் கூடும். எனவேதான் டாக்டர் சிலருக்கு முதலில் இ.சி.ஜி. எடுக்கிறார்; இரத்தம் சோதிக்கிறார். “வாந்திக்கு எதற்கு இ.சி.ஜி.? பணம் பிடுங்கவா?” என்று கேட்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அது எதற்கென்று இனி உங்களுக்குத் தெரியும்.

மணியை மட்டும் நிறுத்தினால் போதுமா?

கோவில் மணி நள்ளிரவில் அபாய ஒலி எழுப்பினால், தூக்கம் கெடுகிறது என்று கயிற்றை அறுத்துவிட்டுப் படுத்துக்கொள்வோமா? எங்கே தீ என்று ஓடிப் பார்ப்போமன்றோ? வாந்தியும் அத்தகைய மணியே. பின்வரும் வேளைகளில் கடை மாத்திரையால் அதை அடக்கிவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும்:

மார்பில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை இவற்றோடு வாந்தி வருதல். இது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மார்வலி இல்லாமலே குமட்டலும் களைப்புமாக வருவதுண்டு. “வெறும் கேஸ்தான்” என்று சோடா குடிக்க வைத்துக் காலம் கடத்தலாகாது.

தலையில் அடிபட்ட பின் வாந்தி. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். தூக்கம் வரச் செய்யும் மருந்தைக் கொடுத்தால், மயக்கம் மருந்தாலா காயத்தாலா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.

வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல், பச்சையாக வாந்தி வருதல். குடல் அடைத்திருக்கலாம். அடைத்த குடலை மெட்டோகுளோப்ரமைடு மேலும் உந்தித் தள்ளும், கேடு பெருகும். பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது.

கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு இவற்றோடு வாந்தி; சர்க்கரை நோயாளிக்கு வாந்தியோடு மூச்சு வாங்குதல்; வாந்தியில் இரத்தம். இவை யாவும் மருத்துவமனைக்கு உரியவை.

பூச்சிமருந்து போன்ற நஞ்சை உட்கொண்டவர். இவரை வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். வாந்தியை நிறுத்த மருந்து கொடுக்கவும் வேண்டாம். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும்

குழந்தைக்கு வாந்திபேதி கண்டால் கொல்வது வாந்தியன்று, நீரிழப்பு. 1971-இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அந்த நீரே இன்று நமக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியதா, 200 மில்லிக்கு உரியதா என்று படித்துப் பார்த்துக் கரைக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் மீண்டும் தொடங்க வேண்டும்.

அதுவும் தங்கவில்லையெனில், டாக்டர் குழந்தையின் எடையைப் பார்த்து ஒண்டான்செட்ரான் ஒரு வேளை வாய்வழியே கொடுப்பதுண்டு. சிகாகோ நகரில் 215 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 100-க்கு 14 பேரே மீண்டும் வாந்தி எடுத்தனர். பெறாதவர்களில் 35 பேர். குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய தேவையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கவனியுங்கள்: ஊசியன்று, ஒரே ஒரு வேளை, வாய்வழியே, அதுவும் ஓ.ஆர்.எஸ். குடிப்பதற்குத் துணையாகத்தான்.

கர்ப்பிணிகள் டாக்டர் கூறாத எந்த மாத்திரையையும் தொடலாகாது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தைக் காலைக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961-இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. அமெரிக்காவில் டாக்டர் பிரான்சஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி, “போதிய சான்று எங்கே?” என்று மீண்டும் மீண்டும் கேட்டு அனுமதி மறுத்தார். அவர் கேட்ட கேள்வி எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது.

நாம் செய்யக்கூடியது யாது?

வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் புகாமல் இருக்கும். உண்ட மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இதயநோய், சர்க்கரை நோய், கர்ப்பம், முன்பு ஒவ்வாத மருந்து, மனநோய்க்கு உண்ணும் மாத்திரை, மதுப்பழக்கம் ஆகிய எதையும் வெட்கத்தால் மறைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசிக்காக நச்சரிக்காதீர்கள். ஊசி போடாத டாக்டர் கைராசி இல்லாதவர் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் எளிய வழிகளும் உண்டு. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பஞ்சை மூக்கருகே வைத்து மெல்ல முகர்ந்தாலே, பெரியவர்களின் குமட்டல் சில நிமிடங்களில் தணிவதை அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்து மருத்துவர்கள் 2016-லும் 2018-லும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார்கள். அடுத்த முறை நர்ஸ் ஊசிக்குப் பதில் பஞ்சை நீட்டினால் கோபிக்காதீர்கள்.

அன்று வளைந்த கழுத்தோடு வந்த பெண் இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அண்மையில் ஒரு திருமணத்தில் அவளைச் சந்தித்தோம். தன் பணப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தைக் காட்டினாள். சகோதரி அன்றைக்கே தம் கையால் எழுதிக் கொடுத்தது: “மெட்டோகுளோப்ரமைடு எனக்கு ஒவ்வாது.” எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறாளாம்.

பெற்றோர்களே, இன்று இரவு உணவுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து, வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, யார் எந்த மாத்திரை உண்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். நள்ளிரவில் அழுது பதறும் வேளையில் நம் நாக்கு சொல்ல மறப்பதை அந்தத் தாள் சொல்லும்.